வீட்டில் பிள்ளைகளோடு ஓவியமும் கைவேலையும்: மாதிரிப் படத்தை முதலில் ஒளித்து வையுங்கள்

கேள்வி: "வீட்டில் நாலு வயதில் ஒரு பையன், ஒன்பது வயதில் ஒரு பெண். விடுமுறை வந்தால் கைப்பேசியை விட்டு எழுவதில்லை. கைவேலைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஒரே நாளில் சலித்துவிட்டது. பெரியவள் 'எனக்கு வரைய வராது' என்கிறாள். சின்னவன் எல்லா வண்ணத்தையும் கலக்கிச் சேறாக்குகிறான். எனக்கும் வரையத் தெரியாது. வீட்டை நாசமாக்காமல் இவர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம்?"

வரையத் தெரியாது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். பதினேழு வருஷமாக வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய சௌகரியம். நன்றாக வரையத் தெரிந்த அப்பா அம்மாதான் பிள்ளையின் தாளில் கை வைப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு குதிரை வரைந்துகொண்டு வந்தான். வயிற்றுக்கு அடியில் ஐந்து கால், சீப்புப் பல் மாதிரி ஒரே வரிசையில். "குதிரைக்கு கால் இப்படி மடங்கும்டா" என்று பென்சிலை வாங்கி, இரண்டே இழுப்பில் முழங்கால் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் குதிரை வேண்டுமென்றால் "நீயே போட்டுக் கொடுப்பா" என்று பென்சிலை என் பக்கம் நீட்டினான். அந்த ஐந்தாவது கால் எதற்கு என்று கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மாதிரிப் படத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். நீங்கள் வாங்கிய பெட்டி ஏன் ஒரே நாளில் சலித்தது? அதன் மூடியிலேயே, முடிந்த பொருளின் படம் இருக்கிறது. உட்காரும்போதே பிள்ளைக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஒன்று, அந்தப் படம் போலவே வரும். இல்லையென்றால் அதைவிட மோசமாக வரும். அதைவிட நன்றாக வர வழியே இல்லை. அப்படி ஒரு வேலையில் பெரியவர்களே எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்? பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். மூடியையும் செய்முறைத் தாளையும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சாமான்களை மட்டும் ஒரு தட்டில் கொட்டி வைத்துப் பாருங்கள்.

சின்னவனின் சேற்றுக்கு வருகிறேன். அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல நாட்டுக் குழந்தைகளின் படங்களைப் பத்து லட்சம் அளவுக்குச் சேகரித்தவர். குழந்தைகள் கிறுக்குவதைப் பிரித்துப் பார்த்து, அதில் இருபது அடிப்படைக் கிறுக்கல்கள் இருப்பதாக வகைப்படுத்தினார்: புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழி என்று. இவற்றிலிருந்துதான் வட்டமும் குறுக்குக் கோடும் வரும், அவை சேர்ந்து கதிர் விட்ட சூரியன் வரும், அப்புறம் அந்தச் சூரியனுக்குக் கண்ணும் வாயும் வந்து மனிதர் வருவார். முதல் மனிதருக்கு உடம்பு இருக்காது, தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாலு வயதுக்காரனுக்கு வண்ணம் என்பது இன்னும் ஒரு பொருள், அதை வைத்து எதையாவது காட்ட வேண்டும் என்ற கவலை அவனுக்கு இல்லை. கலக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

அந்த வேலையைச் சேறில்லாமல் செய்ய ஒரே வழி, ஒரு நாளைக்கு இரண்டு வண்ணம் மட்டும் கொடுப்பது. ஒரு நாள் சிவப்பும் மஞ்சளும். இன்னொரு நாள் மஞ்சளும் நீலமும். கூடவே வெள்ளை, எப்போதும் நிறைய வெள்ளை. மற்ற எதையும்விட அதுதான் சீக்கிரம் தீரும். இந்த ஜோடிகளை எப்படிக் கலக்கினாலும் சேறாகாது, ஆரஞ்சிலோ பச்சையிலோ பத்து விதம் வரும். மூன்றாவதும் சேரும்போதுதான் பழுப்பு வருகிறது. ஒவ்வொரு வண்ணமும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, மூன்றும் சேர்ந்தால் திருப்பி அனுப்பக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. இதைப் பெரியவளுக்குச் சொல்லுங்கள், சின்னவனுக்கு வேண்டாம். சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சாதாரண சிவப்பில் வராது, அழுக்கான கத்தரி நிறம்தான் வரும். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கும். அடர் ரோஜா நிறத்தை, அதாவது மெஜந்தாவை, நீலத்தோடு சேர்த்தால் பளிச்சென்ற ஊதா கிடைக்கும். கறுப்பை மட்டும் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். ஒரு சொட்டு எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஒன்பது வயதுக் கதை வேறு. குழந்தை ஓவியம் பற்றி 1947இல் விரிவாக எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பிரித்தார். அதுவரை பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. மேஜைக்கு நாலு கால் என்று தெரியும், அதனால் நாலும் நாலு பக்கம் விரிந்திருக்கும். வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரியும், அதனால் சுவரைத் தாண்டியும் ஆள் தெரிவார். ஒன்பதை ஒட்டி அதன் கண் மாறுகிறது. "இது நிஜத்தில் இப்படி இல்லையே" என்று தன் படத்தையே முறைக்கத் தொடங்குகிறது. கண் முன்னே ஓடிவிட்டது, கை இன்னும் வந்து சேரவில்லை. "எனக்கு வராது" என்பது அந்த இடைவெளியில் வருகிற பேச்சு. அவளிடம் "இல்லடா, நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னால் நம்ப மாட்டாள், ஏனென்றால் அவள் கண் சொல்வது சரி. பெரும்பாலான பெரியவர்கள் வரைவதை நிறுத்திய வயதும் இதுதான். நீங்களும் ஏறக்குறைய அப்போதுதான் நிறுத்தியிருப்பீர்கள்.

அவளுக்கு முதலில் நான் கொடுக்கும் வேலை, தாளைப் பார்க்காமல் வரைவது. இடது கையை மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். வலது கையில் பேனா. பென்சில் கூடாது, அழிக்கத் தோன்றும். கண் ஒரு எறும்பு மாதிரி கட்டைவிரல் ஓரத்தில் ஏறத் தொடங்க வேண்டும், பேனாவும் அதே வேகத்தில் நகர வேண்டும். நகத்தின் ஓரம், கணுவில் இருக்கும் சுருக்கம், அதற்குப் பக்கத்தில் பழைய வெட்டுக்காயத் தழும்பு, எல்லாவற்றிலும் எறும்பு ஏறி இறங்கட்டும். முடியும்வரை தாளைப் பார்க்கக்கூடாது. மூன்று நிமிஷம் ஆகும். நிமிர்ந்து பார்த்தால் கை மாதிரியே இருக்காது, ஒரு விரல் தாளுக்கு வெளியே போயிருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்தச் சுருக்கத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். அந்த இடத்தில் கோடு அபாரமாக இருக்கும். இதில் யாருக்கும் "சரியாக" வராது, உங்களுக்கும் வராது, நன்றாக வரைகிறவருக்கும் வராது. அதனால்தான் இது குடும்பத்தோடு சேர்ந்து செய்ய ஏற்றது.

வரைவதையே தள்ளிவைத்துவிட்டு வெட்டுவதும் ஒரு வழி. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மாத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு நிற்க முடியாமல் போனபோது எழுபதைத் தாண்டியவர். உதவியாளர்கள் தாள்களுக்கு முழுசாக வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், அவர் பென்சில் கோடே போடாமல் கத்தரிக்கோலால் நேராக உருவங்களை வெட்டினார். வாழ்நாளின் கடைசிப் பத்து வருஷ வேலையில் பெரும்பகுதி அதுதான். வீட்டில் இதை இரண்டு நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் சின்னவனின் வேலை: தாள் தாளாக வண்ணம் பூசுவது. அவனுக்கு வேண்டியதும் அதுதான். மறுநாள் காய்ந்த தாளில் பெரியவள் வெட்டுகிறாள். இலை, மீன், ஒன்றுமில்லாத ஏதோ ஒரு வளைவு. ஒட்டுவதற்கு முன் ஒரு பெரிய தாளில் பரப்பி, இங்கேயும் அங்கேயுமாகப் பத்துத் தடவை நகர்த்திப் பார்க்க விடுங்கள். ஒட்டும் அவசரம் பெரியவர்களுக்குத்தான் இருக்கும். வெட்டி விழுந்த ஓட்டைத் தாளையும் எறிய வேண்டாம். பல சமயம் அதுதான் வெட்டியெடுத்த உருவத்தைவிட அழகாக இருக்கும்.

கத்தரிக்கோல் என்றதும் ஒரு விஷயம். சின்னவன் இடதுகைக்காரனா என்று பாருங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை வலது கையால் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். இடது கையால் அதையே பிடித்தால் அலகுகள் விலகும், தாள் நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிள்ளைக்கு வெட்ட வரவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், குறை கத்தரிக்கோலில் இருக்கும். இடதுகைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. நாலு வயதுக்குக் கோட்டின் மேல் வெட்டச் சொல்லாதீர்கள். தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்துக் கொடுத்தால் ஒரே நறுக்கில் துண்டு விழும். ஒரு கிண்ணம் நிறைய நறுக்கித் தள்ளுவான், அன்றைக்கு அது போதும். நறுக்கியதை மறுநாள் பசை தடவிய அட்டையில் தூவலாம்.

இனி வீடு நாசமாவது பற்றி. மேஜைமேல் பழைய படுக்கை விரிப்பு, பிள்ளைக்கு உங்கள் பழைய சட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டது, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும். இந்த மூன்றையும் தொடங்குவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். கையெல்லாம் நீலமான பிறகு குளியலறைக் கதவைத் திறக்கும்போதுதான் கதவு நாசமாகிறது. தாளை ஓரம் தூக்கிய தட்டில் வைத்துக் கொடுத்தால் பாதி சிந்தல் தட்டோடு நின்றுவிடும். அக்ரிலிக் வண்ணத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். அது காய்ந்தால் பிளாஸ்டிக், துணியிலிருந்து போகவே போகாது. தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் போதும், அதிலும் துவைத்தால் போகும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

காசைச் செலவழிப்பதென்றால் தாளில் செலவழியுங்கள். அச்சுப்பொறியில் போடும் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), ஈர வண்ணம் பட்டால் சுருண்டுகொண்டு கிழியும். பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் உள்ள தாள் கொஞ்சம் வாங்கி ஈர வேலைக்கு மட்டும் வையுங்கள். நாலு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மேஜையோடு நிறுத்தினால் சுருளாது. காய்ந்தபின் டேப்பை உரித்தால் சுற்றிலும் வெள்ளைச் சட்டம் வந்து, எந்தக் கிறுக்கலும் கண்காட்சிப் படம் மாதிரி தெரியும். இது கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்தால் செய்யலாம் என்று தோன்றும். கிறுக்குவதற்கும் வெட்டுவதற்கும் பழைய தாளும் அட்டைப்பெட்டியும் போதும்.

சரி, தண்ணீரும் மெழுகும் வைத்து ஒரு சில வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வெள்ளை மெழுகுவர்த்தியால் வெள்ளைத் தாளில் அழுத்தி ஏதாவது எழுதுங்கள், ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீர்த்த வண்ணத்தைத் தடவினால் மெழுகு தண்ணீரை ஏற்காமல் எழுத்து வெள்ளையாக எழும். ஒருவருக்கொருவர் ரகசியச் செய்தி எழுதிக்கொள்ளலாம். வாட்டர் கலர் பளபளவென்று ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பை நாலைந்து தூவினால், உப்பு நீரை இழுத்து அங்கங்கே பூப்பூவாக விரியும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் உப்பைத் தட்டிவிட வேண்டும், பொறுமை இல்லாவிட்டால் தேய்ந்து கெட்டுவிடும். மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சும் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே உள்ள ஓரத்தை மட்டும் தண்ணீரில் நிறுத்தினால், நீர் ஏற ஏற கறுப்பு உடைந்து நீலம், ரோஜா, மஞ்சள் என்று பிரியும். அழியாத மார்க்கரில் இது நடக்காது, தண்ணீரில் கரையும் மையாக இருக்க வேண்டும்.

தேய்ப்புப் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அது இரண்டு பிள்ளைகளின் வயதுக்கும் பொருந்துகிற அபூர்வமான வேலை. மெல்லிய தாளுக்கு அடியில் இலையின் நரம்புப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, கிரேயானின் உறையைக் கிழித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலை எழும்பி வரும். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் தேய்ந்துபோன மரத்தரையின் ரேகைகளின்மேல் தாளை வைத்துத் தேய்த்து, அதில் தெரிந்த காடுகளையும் பறவைகளையும் ஓவியமாக்கினார். வீட்டில் இதை ஒரு வேட்டையாக ஆக்குங்கள்: ஆளுக்கு ஒரு கிரேயான், நாலு தாள். பதினைந்து நிமிஷத்தில் வீட்டுக்குள் பத்து விதமான சொரசொரப்பைப் பிடித்து வர வேண்டும். கூடையின் பின்னல், செருப்பின் அடி, ஜன்னல் வலை, நாணயம். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். செருப்பின் அடி முதலைத் தோல் மாதிரி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், அங்கிருந்து முதலை தானாக வந்துவிடும்.

மாவு பிசைவது இரண்டு பேருக்கும் பொதுவானது. மைதா மாவு 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேஜைக்கரண்டி, தண்ணீர் 2 கப். எல்லாவற்றையும் பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிஷத்தில் பாத்திரத்தை விட்டுத் திரண்டு உருண்டையாகும். ஆறியபின் பிசைந்து காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் வரும். இது காயாத களிமண், திரும்பத் திரும்ப உடைத்து விளையாட. செய்ததை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அடுப்பில்லாமல் மாவு 2, உப்பு 1, தண்ணீர் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு என்று பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் செய்து, ஓவனில் 100 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். கனமாகச் செய்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவை எட்டாத இடத்தில் வையுங்கள், அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம். பிள்ளையும் நக்கிப் பார்க்கலாம், தின்னக்கூடாது.

(பெட்டியில் விற்கும் பிளே-டோ என்ற விளையாட்டு மாவு முதலில் பொம்மையே இல்லை. நிலக்கரி அடுப்பின் கரி படிந்த சுவர்த்தாளைத் துடைக்க அமெரிக்காவில் விற்ற மாவு அது. கரி அடுப்புகள் குறைந்து வியாபாரம் படுத்தபோது, ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் பொம்மையாக வந்தது.)

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டுக்கு வந்து போகிறதென்றால், கழிப்பறைத் தாள் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் மேஜையில் இருக்கக்கூடாது. மணி, பொத்தான், ஒட்டும் பொம்மைக் கண் எல்லாம் இதில் அடக்கம். பட்டன் பேட்டரி, சிறு காந்தம், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகள், இந்த மூன்றும் எந்தச் சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் வேண்டாம். வயிற்றுக்குள் போனால் இவை செய்யும் சேதம் மற்றவற்றைப் போல் இல்லை.

குடும்பமாக உட்கார்ந்து செய்ய எனக்குப் பிடித்தது மடிப்பு மனிதர். 1925இல் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள், அதாவது கனவு மாதிரியான படங்களைத் தேடியவர்கள், விளையாடிய விளையாட்டு. ஒரு நீளத் தாளை மூன்றாக மடிக்க வேண்டும். முதல் ஆள் மேல் பகுதியில் தலை வரைகிறார், மனிதத் தலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கழுத்துக் கோட்டை மட்டும் மடிப்பைத் தாண்டி ஒரு நகக்கீறல் அளவு கீழே இழுத்துவிட்டு, தலையை மறைத்து அடுத்தவரிடம் கொடுக்கிறார். அவர் அந்தக் கோட்டிலிருந்து உடம்பைத் தொடங்குகிறார். மூன்றாவது ஆள் கால். மூன்று பேர் இருந்தால் மூன்று தாள் ஒரே நேரத்தில் சுற்றட்டும், யாரும் சும்மா காத்திருக்கத் தேவையில்லை. சின்னவன் வரையும் கால் வெறும் சுழியாகத்தான் இருக்கும், விரித்துப் பார்க்கும்போது அந்தச் சுழிதான் ஆளையே தூக்கி நிறுத்தும். பெரியவளின் பயமும் இங்கே தளரும். விரித்த படம் யாருடையதும் இல்லை, யாருக்கு வரவில்லை என்று சொல்ல இடமே இருக்காது.

இன்னொன்று எட்டுப் பக்கப் புத்தகம். ஏ4 தாளை நீளவாட்டில் ஒரு தடவையும் குறுக்கே இரண்டு தடவையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். இப்போது குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியாக ஒரு கட்டம் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறந்து தாள் கூட்டல் குறி மாதிரி நிற்கும். பக்கங்களை ஒரு பக்கமாகச் சுற்றி அழுத்தினால் புத்தகம். பசையும் வேண்டாம், பின்னும் வேண்டாம். "ஒரு கதை எழுது" என்று சொன்னால் பிள்ளை விழிக்கும். "நம் வீட்டில் உடைந்த சாமான்கள்" என்றோ "அப்பா தேடும் பொருள்கள்" என்றோ தலைப்பை மட்டும் கொடுங்கள், எட்டுப் பக்கம் பத்தாது.

கைப்பேசி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அதைப் பிடுங்காதீர்கள், வேலை வாங்குங்கள். முதலில் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் தலைகீழாக ஒரு கூண்டு. இடதும் வலதும் நூல் கட்டி முறுக்கிச் சுழற்றினால் பறவை கூண்டுக்குள் உட்காரும். 1820களிலேயே இங்கிலாந்தில் விற்ற பொம்மை. கூண்டை நேராக வரைந்தால் பலிக்காது, முதல் தடவை எல்லோரும் அந்தத் தப்பைச் செய்வார்கள், செய்யட்டும். கண் ஏமாறுவதை இப்படிக் கையால் பார்த்த பிறகு ஸ்டாப் மோஷன் செயலியைத் திறங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து டேப் போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும். மாவால் செய்த புழு ஒன்றை விரல் நகம் அளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். விநாடிக்கு 12 படம் என்றால் சீராக ஓடும், ஆனால் பத்து விநாடிக்கு 120 படம் ஆகிவிடும், நாற்பதாவதிலேயே பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். விநாடிக்கு 5 வையுங்கள். நாற்பது படத்தில் எட்டு விநாடிப் படம், கொஞ்சம் துள்ளித் துள்ளி ஓடும், அதுவும் அழகுதான். நகர்த்துவது ஒருவர், படம் எடுப்பது இன்னொருவர். சண்டை வரும். பத்துப் படத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர்கள் செய்யும்போது நீங்கள் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் உங்கள் வேலையைப் பாருங்கள். கோடு போட்டு நிரப்புங்கள், பொத்தானை வரையுங்கள், எதுவானாலும் சரி. பிள்ளை "நீ எனக்கு ஒரு பூனை வரைந்து கொடு" என்று வந்தால் வரைந்து கொடுக்க வேண்டாம், "பூனையின் காது எந்தப் பக்கம் பார்க்கும்?" என்று கேளுங்கள். கொண்டுவந்து காட்டினால் "சூப்பர்" என்று தள்ளிவிடாதீர்கள், "என்ன இது?" என்றும் கேட்காதீர்கள். சின்னவனுக்கு அது எதுவாகவும் இருந்திருக்காது, நீங்கள் கேட்டதற்காக ஒரு பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வான். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்த மூலையில மட்டும் ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கியே." அவ்வளவுதான். மிச்சத்தை அவனே சொல்வான்.

பரிசு கொடுப்பதைத் தவிருங்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்யும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கினார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தானாக விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, இவர்கள் வரைவதில் செலவழித்த நேரம் மற்ற பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதி. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. "படம் வரைந்தால் கைப்பேசி தருகிறேன்" என்ற பேரம் இதையேதான் செய்யும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்காதீர்கள். சின்னவன் பத்து நிமிஷத்தில் எழுந்து போகலாம், அது தோல்வி இல்லை. வகுப்பில் ஒரு பையன் முதல் நாள் முழுக்க ஓர் அட்டைப்பெட்டியின் மேல் டேப்பை ஒட்டிக்கொண்டே இருந்தான், வேறொன்றும் செய்யவில்லை. அழைத்துப்போக வந்த அம்மா "எப்போ வரைய ஆரம்பிப்பான்?" என்று கவலையோடு கேட்டார். மூன்றாவது வாரம் அவன் இரண்டு அட்டையை டேப்பால் கீல் மாதிரி இணைத்து, திறந்து மூடுகிற கதவு செய்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கை எட்டும் உயரத்தில் அட்டை, டேப், மழுங்கிய கத்தரிக்கோல், கிரேயான் இருந்த ஒரு கூடை. வீட்டிலும் அப்படி ஒரு கூடை நிரந்தரமாக இருக்கட்டும். ஈர வண்ணம் மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுப்பதாக இருக்கட்டும்.

சேர்ந்து குவியும் தாள்களை என்ன செய்வது என்று இரண்டு வாரத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியையும், பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தையும் அதன் வார்த்தையிலேயே எழுதிவிடுங்கள், முன்பக்கம் எழுத வேண்டாம். சுவரில் ஒரு நூலும் துணிக் கிளிப்பும், ஐந்து படம் மட்டும். ஆறாவது வந்தால் எதை இறக்குவது என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். இறக்கியதில் பிடித்தது ஒரு பெட்டிக்குப் போகட்டும், பெரிய அட்டை வேலைகளைப் புகைப்படம் எடுத்துவிட்டுப் பிரித்துவிடலாம், அட்டை அடுத்த வேலைக்கு ஆகும். தூக்கிப் போட வேண்டியதைப் பிள்ளை தூங்கிய பிறகு போடுங்கள். குப்பைக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே போடாமல், கொஞ்சம் அடியில்.